தட்டுக் காணாத வீடு

எனக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. ஆனால் ஒரு சபையைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை பேர் என்று சொல்லிவிடுவேன். எங்கள் கலியாண வீடுகளில் உலை வைக்க முதல் என்னைத்தான் கேட்பார்கள்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் மகளோடு நோர்வேயில், ஹொல்ம்லியாவில் இருந்தேன். எதிர்வீட்டில் ஒரு யூதப் பெண்மணி. சிறு வயதில், போர்க்காலத்தில், அவருடைய தாய் தகப்பன் அண்ணன்மாரை நாஜிகள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. காய்ச்சலோடு அயல்வீட்டில் கிடந்த இவரை மட்டும் அந்த வீட்டார் லொறியில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குள் ஒளித்துச் சுவீடனுக்குக் கொண்டுபோனார்கள்.

பிறகு அவருக்குப் பிறந்த பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் ஆண்கள். பேரன் ஒருவனுக்குத்தான் முதன்முதல் பெண் குழந்தை. அதுவும் மாதம் முந்திப் பிறந்து, பிழைக்குமோ என்று எல்லோரும் பயந்த பிள்ளை. கப்பலில் போன தன் தாயின் பெயரை அதற்கு வைக்கும் நாளில் என்னை உதவிக்குக் கூப்பிட்டார்.

எங்கள் இருவரின் பேச்சும் என் அரைகுறை நோர்வேஜிய மொழியில்தான்.

"எத்தினை தட்டு வைக்க?"

"இருக்கிறதெல்லாம் வையும்."

சனம் பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தது. நான் வாசலில் நின்று விரல் நீட்டி எண்ணத் தொடங்கினேன். அவர் என் விரலைப் பிடித்து மடக்கினார்.

"எண்ணாதையும்! நாங்கள் ஆக்களை எண்ணுறேல்லை."

"தட்டுக் காணாட்டி? எல்லாருக்கும் போதாட்டி?"

"கையிலை வாங்கிச் சாப்பிடட்டும். நீர் பழக்கிவிடும்!" என்று சிரித்தவர், உடனே குரலைத் தாழ்த்தினார். "எண்ணித்தான் கப்பலிலை ஏத்தினவங்கள்."

எனக்குத் திக்கென்றது. பிள்ளைகளை எண்ணினால் கண்ணூறு படும் என்று என் மாமியார் சொல்லாத நாளில்லை. அந்த நோஞ்சான் குழந்தைக்கு என்னாலா கெடுதல் வரவேண்டும்?

நிமிர்ந்து பார்த்தேன். எல்லா முகத்திலும் அவருடைய மூக்கு. மூட்டைக்குள் மூச்சடக்கிக் கிடந்த அந்தச் சின்னப் பிள்ளைக்குள் இத்தனை பேரும் கிடந்திருக்கிறார்கள். வழியில் ஒருவன் லொறியை மறித்து மூட்டையைப் பிரித்திருந்தால், இந்த வீட்டில் ஒரு கதிரையிலும் ஆளில்லை. கை கூப்ப வேண்டும் போல இருந்தது.

அவர் குழந்தையை என் மடியில் வைத்தார்.

"கண் பட்டால் உங்கடை ஆக்கள் என்ன செய்வினம்?"

மெழுகுதிரிக் கரியைத் தொட்டுக் காதுக்குப் பின்னால் மெல்லப் பொட்டு வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இன்னும் பெரிசா வையும்."

குழந்தை வீரிட்டு அழுதது. நல்ல பலமான சத்தம்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்:

"எத்தினை பேர் அம்மா வந்தவை?"

"எண்ணேல்லை."

"நீங்களோ? எண்ணேல்லையோ?"

"தட்டுக் காணேல்லை. அவ்வளவு காணும்" என்றேன்.