ஒரு சொட்டு ஒழுகாத கூரை

எங்கள் அக்கா கிளியனூரில், பனையோலைக் கூரை ஒழுகி வீடெங்கும் சட்டி வைத்திருந்த ஒரு மழைநாளில் பிறந்தார். அம்மா அப்படித்தான் சொல்லுவார். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டைக் கடலை பிடுங்கி எங்களை வளர்த்தவர்கள். அம்மா சீக்கிரமே கண்ணை மூடினார். அப்பாவும் அதன்பின் நெடுநாள் இருக்கவில்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் எனக்கும் அக்காதான் அடுப்பு, அக்காதான் விளக்கு, அக்காதான் கூரை. தனக்கென்று ஒரு கல்யாணத்தை அவர் பேசவிடவே இல்லை.

கூரை என்று எழுதியதும் கை நின்றுவிடுகிறது. அக்காவின் முதலாண்டு நினைவு மலருக்கு “நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடு பாப்பா” என்று அண்ணன் கேட்டார். என்னிடமுள்ள நல்ல வார்த்தைகள் அத்தனையும் அக்காவுக்கே. மீதமிருப்பது குமட்டல். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும். விழுங்கிப் பார்த்தேன், இறங்கவில்லை.

அக்கா பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்தார். கடைசியில் வரும் பிள்ளையின் தட்டிலும் பருப்பு விழவேண்டும் என்று அடிவரை கலக்கித்தான் சாம்பார் ஊற்றுவார். புகையில் கண் சிவந்து, ஆவியில் கை வெந்து, அந்தச் சம்பளத்தில் ஓலையைப் பிரித்துவிட்டுச் சீமை ஓடு போட்டார். டிராக்டரில் ஓடு வந்து இறங்கிய அன்று, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்களோடு ஆளாய் நின்று ஓடுகளைக் கைமாற்றிவிட்டார். முகட்டு ஓடு பதித்து முடிந்ததும் உள்ளே போய் வெறுந்தரையில் மல்லாந்து படுத்தார்.

“பாப்பா, நீயும் வந்து படு. மேல பாரு. வானம் தெரியல.”

அக்கா வாழ்க்கையில் பெருமை பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். எங்கள் மூவருக்கும் அந்த ஓட்டின் கீழே நின்றுதான் கல்யாண மாலை எடுத்துக் கொடுத்தார். அண்ணன் விழுப்புரத்தில் மாடி வீடு கட்டிக்கொண்டார். தம்பி திண்டிவனத்தில் தங்கிவிட்டார். நான் விழுப்புரத்திலேயே வாடகைக்கு இருக்கிறேன். அக்கா அங்கேயே இருந்தார்.

பிறகு புயல் வந்தது. பின்பக்கத்து ஓடுகளை வாரி அடுத்த கொல்லையில் எறிந்தது. கரையான் அரித்திருந்த மரச்சட்டம் ஒன்று முறிந்தது. தண்ணீர் வடிந்ததும் மூவரும் போனோம். அக்கா ஒன்றைத்தான் கேட்டார்: “அடுத்த மழைக்குள்ள என் தலைக்கு மேல மூடிக் குடுங்க.”

அண்ணன் அண்ணாந்து பார்த்தார். “இன்னும் இன்னாக்கா ஓட்டு வூடு? இடிச்சிட்டுத் தளம் போட்டுடறேன்.”

தம்பி விடவில்லை. “நீ தளம் போட்டா நாளைக்கு வூடு உன்னுதும்ப. நான் தகர ஷீட்டு போட்டுட்றேன்.”

“நீ ஷீட்டு போட்டா மட்டும்? உன்னுதுன்னு வந்து நிக்க மாட்ட?”

வீடு அப்பா பெயரிலேயே இருந்தது. கூரை போட்டவனுக்கே வீடு என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. எந்தக் கோர்ட்டிலும் அது செல்லாது. ஆனால் அண்ணன் தம்பி நெஞ்சுக்குள் அது ஒன்றுதான் செல்லும்.

“டேய், வூட்ட ரெண்டு பேரும் பிச்சி எடுத்துக்கினு போங்கடா. கூரைய மட்டும் என் தலைமேல வெச்சிட்டுப் போங்க” என்றார் அக்கா. இருவரும் சிரித்தார்கள். டீ குடித்தார்கள். கிளம்பினார்கள்.

மேகம் திரண்டபோது, பொறுக்கமாட்டாமல் நானே ஒரு மேஸ்திரியை அழைத்துப் போனேன். முறிந்த சட்டத்தை மாற்ற முகட்டைப் பிரிக்கவேண்டும். முகட்டைப் பிரித்தால் நன்றாக இருக்கும் முன்பக்கத்து ஓடுகளையும் இறக்கித் திரும்ப அடுக்கவேண்டும் என்றார் அவர். எல்லாவற்றையும் இறக்கிச் சுவரோரம் அடுக்கி முடித்த நேரத்தில், யாரோ சொல்லி, அண்ணன் வண்டியில் வந்து நின்றார்.

“யார கேட்டு மேல ஏறுன? எறங்குய்யா.”

“சார், முகடு பிரிச்சாச்சு. பாதியில வுட்டா வூடு தாங்காது.”

“எறங்குன்றேன்ல!” என்னிடம் திரும்பினார். “இன்னா பாப்பா, இப்பவே பங்குக்கு அடி போடறியா?”

தம்பிக்குப் போன் போட்டேன். “அண்ணன் சொல்றது கரெக்டுதான்” என்றார். இருவரும் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான். மேஸ்திரி இறங்கிவிட்டார். புயல் பின்பக்கத்தைத்தான் எடுத்தது. முன்பக்கத்தை எடுத்தது உடன்பிறப்பு.

திறந்து கிடந்த வீட்டுக்கு அண்ணன் ஒரு பிளெக்ஸ் பேனர் கொடுத்தனுப்பினார். அவருடைய விழுப்புரத்துப் புதுவீட்டைப் பங்குத்தந்தை மந்திரித்த விழாவுக்கு அடித்தது. வெயில் இறங்காமலிருக்க வெள்ளைப் பக்கத்தை மேலே போட்டுக் கட்டினார்கள். ஆகவே படம் உள்ளே பார்த்தது. அண்ணனும் அண்ணியும் கைகூப்பி, ‘வருக வருக’ என்று, அக்காவின் பாய்க்கு நேர் மேலே.

“கண்ண முழிச்சா உங்கண்ணன் கும்புட்டுக்கினு வா வாங்கறான் பாப்பா. எங்க வர்றது? படி எங்க வெச்சிருக்கான்?” என்று அக்கா சிரிப்பார். மழை பிடித்தால் தண்ணீர் தேங்கி அண்ணனின் முகம் உப்பும். பிறகு தாடையிலிருந்து சொட்டும். பக்கத்து வீட்டு மேரியம்மா கம்பால் முட்டித் தண்ணீரைத் தள்ளிவிடுவார். பாயில் பூஞ்சை, துணியில் பூஞ்சை, செபமாலையின் நூலிலும் பூஞ்சை. அக்காவுக்கு இருமல் வந்தது, வந்தது போகவில்லை. என்னோடு வந்துவிடும்படி கெஞ்சினேன். “நான் போட்ட ஓடு வெளிய நனையுது. நான் எங்க வர்றது?” என்றுவிட்டார்.

கடைசியில் திண்டிவனத்தில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்து, மேலே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா, பாத்தியா? வானம் தெரியல.”

அதன்பின் பேச்சில்லை. மூப்பு என்றார் மருத்துவர். இருக்கலாம். நான் வீட்டுக்குப் போய், ஈரம் காயாத அவர் தலையணையைத் தொட்டுப் பார்த்தவள்.

இழவு வீட்டின் முன் ஷாமியானா கண்மூடித் திறப்பதற்குள் எழுந்தது. பந்தல் யார் பெயரில் என்று ஒருவரும் கேட்கவில்லை. தெருமுனையில் அக்காவின் படம் போட்ட அஞ்சலி பேனர், பனை உயரத்துக்கு. மேரியம்மா அதை அண்ணாந்து பார்த்தார். “இம்மாம் பெரிசா? இத மேல போட்டிருந்தா வூடே மூடியிருக்குமே” என்று எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்.

இந்த முதலாண்டுக்காக அண்ணனும் தம்பியும் சேர்ந்து அக்காவின் கல்லறைக்கு மேலே தூண் நிறுத்தி, தளம் போட்டு, அதன்மேல் ஓடும் பதித்திருக்கிறார்கள். சண்டை இல்லை, சாக்கு இல்லை. வேலைக்கு வந்தவர் அதே மேஸ்திரி. “சார், மொதல்லயே கேட்டுக்கறேன், நடுவுல எறங்கச் சொல்ல மாட்டீங்கல்ல?” என்றார். அண்ணனுக்கு அப்போது பார்த்துப் போனில் ஏதோ வேலை வந்துவிட்டது.

வேலை முடிந்த அன்று பார்க்கப் போயிருந்தோம். மழை வந்தது. இருவரும் கல்லறைக் கூரைக்குள் ஒதுங்கினார்கள். தூணைத் தட்டிக்கொடுத்து அண்ணன் சொன்னார்: “பாத்தியா பாப்பா, ஒரு சொட்டு ஒழுவல.”

நான் வெளியே நின்று நனைந்தேன். கிளியனூரில் அக்காவின் ஓடுகள் இன்னமும் சுவரோரம் அடுக்கியபடி, பாசி பிடித்துக் கிடக்கின்றன.

அக்காவின் நோயில் உடனிருந்த செவிலியருக்கும், செபித்த பங்குத்தந்தைக்கும், கம்பு பிடித்த மேரியம்மாவுக்கும், கூரை போட ஏறிய மேஸ்திரிக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. பந்தல் போட்டவர்களுக்கும், பேனர் வைத்தவர்களுக்கும், கல்லறைக்குத் தளம் போட்ட உடன்பிறந்தார்க்கும் முறைக்கான நன்றி.

உறவினரும் நண்பரும் திருப்பலி முடிந்ததும் கல்லறைக்கு வரவேண்டுகிறேன். மழை பிடித்தால் கூச்சப்படாமல் உள்ளே வந்து நில்லுங்கள். அந்தக் கூரையில் பங்கு கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள்.

— தங்கை