சிட்டம்மாளின் உமிக்கரி டிரம்கள்

உத்திரமேரூருக்கு வெளியே, சைக்கிள் மணிகளுக்கு நிக்கல் முலாம் பூசும் கொட்டகை ஒன்று இருந்தது. முலாம் ஏறிய மணிகளை அலசி எடுப்பது சிட்டம்மாளின் வேலை. அலசிய தண்ணீர் வெளிர்பச்சையாகப் பின்புற வாய்க்காலில் ஓடி, செல்லாயியின் கத்திரித் தோட்டத்தில் இறங்கும்.

எண்பத்து மூன்றாம் வருஷம் செடிகள் வெளுத்துக் காய்ப்பு நின்றதும், செல்லாயி வாய்க்காலை மண்போட்டு அடைத்துவிட்டாள். முதலாளி நமச்சிவாயம் சண்டைக்குப் போகவில்லை. வேலையை நிறுத்திவிட்டு, காஞ்சிபுரத்தில் கல்லூரி வேதியியல் ஆசிரியையாக இருந்த தங்கை சாரதாவை அழைத்து வந்தார்.

ரைஸ் மில்லில் சும்மா குவிந்து கிடந்த உமியைக் கரியாக்கி, கழுவி, டிரம்களில் நிரப்பச் சொன்னாள் சாரதா. மேலே ஊற்றிய பச்சைத் தண்ணீர் அடியில் நிறமில்லாமல் வந்தது. ஆனாலும் சாரதா சோதித்தபோது அதில் இன்னும் நிக்கல் இருந்தது; தேறவில்லை. தண்ணீரை வேகமாக விட்டதுதான் காரணம். சிட்டம்மாள் குழாயைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்தாள். அடுத்த சோதனையில் தேறியது; முலாம் வேலையும் மறுபடி தொடங்கியது. அன்றிலிருந்து டிரம்கள் அவள் பொறுப்பு.

ஒருநாள் காலை, டிரம்மிலிருந்து மாற்றி ஓரமாக வைத்திருந்த பழைய கரிமூட்டையைக் காணோம். கரி சிந்தியிருந்த வழியே சிட்டம்மாள் செல்லாயியின் தோட்டத்துக்கு ஓடினாள்.

"யக்கா, அந்தக் கரிய இன்னா பண்ணே?"

"செடிக்குப் போட எடுத்தாந்தேன். சும்மாதான கெடந்துது?" என்றாள் செல்லாயி.

"ஐயோ! தண்ணியில இருந்த வெஷமெல்லாம் அதுலதான்க்கா கீது. தண்ணிய வுட்டுட்டுக் கரியில ஏறிக்கினு கீது."

செல்லாயி கையில் ஒட்டியிருந்த கரியை உதறினாள். "அப்போ, வேணாம்னு அடைச்ச வெஷத்த நானே தலையில தூக்கிக்கினு வந்தேனா?"

சிட்டம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. செல்லாயியும் சிரித்துவிட்டாள். இருவரும் கொட்டிய கரியை மேல்மண்ணோடு சேர்த்து வாரிக் கொட்டகைக்கே கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகுதான் நமச்சிவாயம் பழைய கரிக்கென்று சிமெண்டுத் தொட்டி கட்டி, மூடியும் பூட்டும் போட்டார். உமியைக் கரியாக்கும் வேலை செல்லாயிக்கே கிடைத்தது.

அந்த வருஷ ஆயுத பூஜையில் மோட்டாருக்கும் முலாம் தொட்டிக்கும் சந்தனம் வைத்தார்கள். சிட்டம்மாள் யாரையும் கேட்காமல் தன் டிரம்களுக்கும் பொட்டு வைத்து, செவ்வந்திச் சரத்தைச் சுற்றினாள். நமச்சிவாயம் கற்பூரத் தட்டோடு அங்கேயும் வந்து காட்டினார். பிறகு அவள் முந்தானையில் இரண்டு கையாலும் பொரியை அள்ளிப் போட்டார்.