தேவிகா அக்காவின் கேட்

தேவிகா அக்கா போய்விட்டார் என்று அவர் தம்பி போனில் சொன்னபோது, காக்களூரில் அக்கா நடத்திவந்த நாய் காப்பகத்தில் கூண்டு கழுவிக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். எனக்குக் குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை.

நாங்கள் இருவரும் முன்பு ஒரு தொழிற்சாலையில், உள்ளே வரும் சரக்கைச் சோதிக்கும் பிரிவில் இருந்தோம். அந்தப் பழக்கத்தை அக்கா நாய்களிடமும் விடவில்லை. வெளியூர் போகிறவர்கள் நாயோடு வந்தால் கேட்டிலேயே நிறுத்தித் தடுப்பூசி பற்றி விசாரிப்பார். "வர்ற வழியிலதான் போட்டுக்கினு வரோம்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. "ஊசி வேல செய்ய நாளாவும். இன்னிக்கே உள்ள வுடச் சொன்னா, உள்ள கீறதுங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்று திருப்பி அனுப்புவார். திமிர் பிடித்தவள் என்று அவரைத் திட்டிப் போனவர்கள் இதைப் படிக்கும் உங்களிலும் இருக்கிறீர்கள்.

ஒரே ஒரு முறைதான் இளகினார். திருப்பதி கிளம்பிய எங்கள் பழைய சூப்பர்வைசர் நாயோடு வந்து, மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். "போன மாசமே எல்லா ஊசியும் போட்டாச்சும்மா. என்னப் போய் நம்ப மாட்ட?" கூட வேலை பார்த்தவர் என்று அக்கா நம்பினார். மறுநாளே அந்த நாய் ரத்தமாகக் கழிந்தது. நாய்க்கு நாய் தொற்றும் பார்வோ நோய் என்றார் டாக்டர். சூப்பர்வைசருக்குப் போன் போட்டால் எடுத்தது அவர் மனைவி. "ஊட்டுக்குள்ளயே கீற நாய்க்கு ஊசி இன்னாத்துக்குன்னு வுட்டுட்டாரு" என்றார் சாதாரணமாக.

தேர்வாய் கண்டிகை ரோட்டில் லாரி அடித்துப்போட்ட தாயின் குட்டிகளை அக்கா எடுத்துவந்து வளர்த்துக்கொண்டிருந்தார். ஊசி போடும் வயதுகூட வராதவை. நோய் தொற்றி அத்தனையும் செத்தன. இராப்பகலாகப் பக்கத்தில் இருந்து சூப்பர்வைசரின் நாயை மட்டும் காப்பாற்ற முடிந்தது.

அந்த ஆள் லட்டுப் பிரசாதத்தோடு வந்தார். "செத்தது தெருக் குட்டிங்கதானே, வுடும்மா" என்றார்.

"அதுங்களுக்கு நாந்தான் சொந்தக்காரி" என்றார் அக்கா. லட்டை வாங்கவில்லை. அந்த நாயை உள்ளே விட்டதற்காக அக்கா தன்னையும் கடைசிவரை மன்னிக்கவில்லை.

சாவு வீட்டுக்குப் பெரிய ரோஜா மாலையோடு வந்த முதல் ஆள் அந்த சூப்பர்வைசர்தான். "எங்க நாய்க்கு அம்மா மாரி இருந்தாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதோடு நின்றாரா? பாடை கட்டும்போது என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த வாரம் ஊருக்குப் போறோம். இனிமே நீதானே பாத்துப்ப?"

"ஊசி போட்டீங்களா?"

"இன்னும் அதானா? போட்டுக்கலாம்மா."

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வியும், அதற்குப் பதில் வராதவரை கேட்டைத் திறக்காத பிடிவாதமும்தான். சொன்னபடி அடுத்த வாரம் அந்த ஆள், ஊசி போடாமலேயே நாயோடு வந்து நின்றார். நான் திறக்கவில்லை. நாய் என்னை அடையாளம் கண்டு வாலை ஆட்டியது. அதனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன்.