பருந்தை வெட்டிய கத்தரிக்கோல்

என் தையல் பெட்டியில் நுனி வளைந்த சின்னக் கத்தரிக்கோல் ஒன்று கிடக்கிறது. ஊக்கு தேடினாலும் பட்டன் தேடினாலும் முதலில் விரலைக் குத்துவது அதுதான். பாண்டி பஜார் நடைபாதையில் நகம் வெட்டுவதற்கென்று விற்றது. ஒரு நகத்தைக்கூட அது வெட்டியதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூரில் ஒரு மாடி போர்ஷனில் உட்கார்ந்து, அதைக் கொண்டு பருந்தின் குரோமோசோம்களை வெட்டினோம். சொன்னால் சிரிப்பார்கள், அதனால் சொல்வதில்லை.

அந்தப் போர்ஷனில் என்னோடு இருந்தவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் உறவில்லை. அவர் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். நான் மவுண்ட் ரோடில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். கல்யாணமாகாத பெண் தனியாக வீடு கேட்டால் வாடகையைவிடக் கேள்விகள்தான் அதிகமாக இருக்கும். இரண்டு பேராகப் போய் நின்றதால் கீழ்வீட்டு மாமி மனமிரங்கினார். அக்கா அதிகம் பேசமாட்டார். தயிர்சாதத்தைக் கிண்ணத்தில் பிசைந்து எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றபடியே சாப்பிடுவார். கண் ஆகாயத்தில் இருக்கும். கோயில் குளத்துக்கு மேலே பருந்துகள் வட்டமிடும் நேரம் அது. ஊரில் வரன் பார்த்துப் பார்த்து அலுத்து நிறுத்தியிருந்தார்கள். அதைப்பற்றிக் கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

பட்டினப்பாக்கத்தில் மீன் கூடைகளுக்கு மேலே பாய்கிற பருந்துகளில் ஒன்றிரண்டு வலையில் சிக்கிக்கொள்ளும். மீனவப் பெண்கள் அதைச் சாக்குப்போட்டு மூடி அக்காவுக்கு வைத்திருப்பார்கள். ஒரு சனிக்கிழமை கல்லூரி பூட்டிவிட்டதால் கூடையோடு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். மாமி வாசலில் மறித்துக்கொண்டார். "கருடன் ஆகாசத்துல தெரிஞ்சா கன்னத்துல போட்டுக்கணும். கூடையில போட்டு ஆத்துக்குள்ள கொண்டுவரப்டாதுடீம்மா." இது கருடன் இல்லை, ஊர்ப்பருந்துதான் என்று அக்கா விளக்கியது மாமி காதில் ஏறவில்லை. பறவையைக் கொல்வதெல்லாம் இல்லை. ஊசி போட்டு, புதிதாக முளைக்கிற இறகில் ஒன்றைப் பிடுங்கி, அதன் வேரிலிருக்கிற ஈரமான சதையை மட்டும் எடுத்துக்கொள்வார். அடுத்த வாரம் பறவை கடற்கரைக்குப் போய்விடும்.

அந்தச் சதையைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குரோமோசோம்கள் தெரியும். பரம்பரைக் குணத்தைச் சுமக்கிற இழைகள் என்று எனக்குச் சொல்லியிருந்தார். அவற்றைப் படமெடுத்து, பெரிதாக்கி, ஒவ்வொன்றாக வெட்டி, ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்டவேண்டும். மாலையில் அடுப்பை அணைத்துவிட்டு அந்த வேலைக்கு உட்காருவோம். கத்தரிக்கோல் ஒன்றுதான். அக்கா வெட்டி அலுத்தால் நான் வெட்டுவேன். கத்தரிக்கோலைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் சொல்கிற வழக்கம். அதனால் அவர் தரையில் வைப்பார், நான் எடுப்பேன். நான் வைப்பேன், அவர் எடுப்பார். அறிவியல் படித்தவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கிண்டல் செய்தால், "சண்டை போட எனக்கு இருக்கிறதே நீ ஒருத்திதான், அதையும் எதுக்குக் கெடுத்துக்கணும்" என்பார்.

ஒப்பிட்டுப் பார்க்கக் கோழியின் படமும் வைத்திருந்தார். கோழியை வெட்டுவதுதான் கஷ்டம். கோழியிடம் பெரிய இழைகள் கொஞ்சம்தான், மீதியெல்லாம் கடுகைக் கொட்டியதுபோல் பொடிப்பொடியாக இருக்கும். மூச்சு விட்டால் பறந்துவிடும். பெரும்பாலான பறவைகள் இப்படித்தானாம். பருந்து மட்டும் வேறுமாதிரி. நடுத்தர அளவில் நிறைய இழைகள், பொடி என்று பார்த்தால் ஒன்றிரண்டுதான். அக்காவைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான். "பொடியெல்லாம் தொலைஞ்சு போகல. இதுங்களோட முன்னோர்கள்ல எப்பவோ ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நீளமாயிடுச்சு," என்பார். துறைத்தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை. "சதையைக் கழுவும்போது உன் கை பொடியை விட்டுடுது," என்று சொல்லிவிட்டார். அக்கா மறுபடி மறுபடி கழுவினார், மறுபடி மறுபடி அதே படம். தான் கண்டதைக் கண்டேன் என்று சொல்ல இன்னொரு ஆள் இந்த ஊரில் இல்லை என்பதுதான் அவருடைய தனிமை. நான் வெட்டினேனே தவிர, எனக்கு எது சரி என்று தெரியாது. எனக்குத் தெரியாது என்பது அவருக்கும் தெரியும்.

கடைசியில் ஒரு வாய்ப்பு வந்தது. பம்பாயில் ஒரு கூட்டத்தில் கட்டுரை படிக்கத் தலைவர் அரைமனதாகச் சம்மதித்தார். கோழி ஒன்று, பருந்து ஒன்று, சபையில் எல்லோருக்கும் தெரிகிற அளவில் இரண்டு பெரிய படம் வேண்டும். கல்லூரி இருட்டறையில் அவ்வளவு பெரிதாகப் போடமுடியாது. தி.நகரில் கல்யாணப் படத்துக்குப் பேர்போன ஒரு ஸ்டுடியோவில் இரண்டு நெகட்டிவ் தகடுகளையும் கொடுத்தோம். ரயிலுக்கு முந்தின நாள் சாயங்காலம் வாங்கிவந்து, மாடியில் பழுப்புக் காகிதத்தைப் பிரித்தோம். பருந்து பருந்தாக இருந்தது. கோழியில் பொடி ஒன்றைக்கூடக் காணோம். பளபளவென்ற வெள்ளையில் பெரிய இழைகள் மட்டும் நின்றன. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார், நான் பின்னாலேயே ஓடினேன்.

ஸ்டுடியோவில் நெகட்டிவைத் திருத்துவதற்கென்றே ஒரு பெரியவர் இருந்தார். மணப்பெண்ணின் அம்மைத் தழும்பை மறைப்பதும் மாப்பிள்ளை முகத்துக் கரும்புள்ளிகளை எடுப்பதும் அவர் வேலை. ஒற்றை மயிர்த் தூரிகையும் சாயமுமாக உட்கார்ந்திருந்தவர், அக்காவைப் பார்த்ததும் பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தார். "பொடிப்பொடியா ஒரே தூசிம்மா. ஒண்ணு வுடாம எட்த்துட்டேன். கண்ணாலப் படம் கணக்கா பளிச்சின்னு கீது பாரு." சாயம் தகட்டில் ஊறிவிட்டது, இனிக் கழுவினாலும் போகாது. அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக, "இன்னொரு தகடுலயும் தூசி எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"அத்துல இன்னாம்மா வேல? ரெண்டு மூணு புள்ளி, போனா போவுதுன்னு வுட்டேன். அது சுத்தமாத்தான் இருந்திச்சி. இத்துக்குத்தான் ஒரு மத்தியானம் பூரா குந்திக்கினு இருந்தேம்மா."

வெளியே வந்து பாண்டி பஜார் கூட்டத்துக்கு நடுவே நின்று அக்கா சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது, அப்புறம் அது அழுகையாகிவிட்டது. "ஒருத்தர் பார்த்துட்டார் பாரு. எதுவும் தெரியாம, எதுவும் கேட்காம, நான் பார்த்ததையே பார்த்துட்டார். பார்த்த ஒரே ஆளு, அதை அழிச்ச ஆளாப் போயிட்டார்." வளையல் கடைக்காரர்கள் எங்களையே பார்த்தார்கள். முந்தானையால் அவர் முகத்தை மறைத்துக்கொண்டு பஸ் ஏற்றினேன்.

மறுநாள் காலை துறைத்தலைவரிடம் நடந்ததை அப்படியே சொன்னார். மறைத்துவைத்துப் பருந்துப் படத்தை மட்டும் நீட்டியிருக்கலாம், அவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. தலைவர் படத்தைத் தள்ளிவைத்து, "கோழியையே துடைச்சவன் பருந்தை விட்டுவெச்சிருப்பானா?" என்று கேட்டாராம். துடைத்தவரே சொன்னார் என்றதற்கு, "ஸ்டுடியோக்காரன் சாட்சியை வெச்சு பேப்பர் படிக்கச் சொல்றியா?" என்றாராம். பம்பாய் ரயில் அவர் இல்லாமல் போனது. அன்று மாலை அக்கா ஜன்னலோரம் போகவில்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணமாகி கே.கே. நகருக்குக் குடிபோனேன். மாடியிலிருந்து என் டிரங்குப் பெட்டியை இறக்கிய அன்று அக்கா உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தார். வழக்கம்போல் நான் தரையைப் பார்த்தேன். அவர் என் உள்ளங்கையை விரித்து, நேராகக் கையிலேயே வைத்து விரல்களை மூடினார். பதறிவிட்டேன். "என்னக்கா, சண்டை வருமே," என்றேன்.

"வரட்டுமே. சண்டை போடவாவது வருவேல்ல," என்றார்.

மயிலாப்பூர் ஒரு பஸ் தூரம்தான். மாமியார், குழந்தை, ஆபீஸ் என்று அந்த ஒரு பஸ் எப்போதும் நாளைக்கென்று தள்ளிப்போனது. சில வருஷம் கழித்து அடையாறு பஸ் நிறுத்தத்தில் அவரைத் தற்செயலாகப் பார்த்தேன். வெளிநாட்டில் யாரோ பருந்து, கழுகு இனங்களைப் பார்த்து, பொடிகள் ஒட்டிக்கொண்டவைதான் என்று எழுதியிருப்பதை நூலகத்தில் படித்ததாகச் சொன்னார். "உங்க பேர் வரலையேக்கா," என்றேன். "சரியாத்தான் பார்த்திருக்கேன், அது தெரிஞ்சுது," என்றார். அதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது. பிறகு தெற்கே எங்கோ மாற்றலாகிப் போனார். இறந்த செய்தி எனக்கு மிகவும் தாமதமாக, வேறு யாரோ வழியாக வந்தது.

இப்போது அடையாறில் நாலாவது மாடியில் இருக்கிறேன். வீட்டுக்காரர் போய்விட்டார், பிள்ளை அமெரிக்காவில். ஆற்று முகத்துவாரத்தின் மேலே சாயங்காலம் பருந்துகள் வட்டமிடும். தயிர்சாதத்தைப் பிசைந்து எடுத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுகிறேன் என்பது கிண்ணம் காலியானபின்தான் தெரிகிறது. பட்டன் தைத்து நூலை அறுத்ததும் கத்தரிக்கோலைப் பெட்டியில் போடுவதில்லை, தரையில் எனக்கு எதிரே வைக்கிறேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நானே எடுத்துக்கொள்கிறேன்.