கஸ்தூரி நடித்த படம்

பேத்தியின் கராத்தே உடுப்பை அலசும்போது எழுந்த ஈரமண் வாசனை, என்னைக் காக்களூர்ச் செங்கல் சூளைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது அங்கே கம்பெனி மதில்தான் நிற்கிறது. அன்றைக்கு அந்தச் சூளையில் ஒரு கராத்தே படம் எடுத்தார்கள், கதாநாயகன் செத்துப்போனதால் பாதியில் நின்றது. அவன் சாகவில்லை, சீனாவில் ஒளிந்திருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு, அவனைப்போல் முடியை நெற்றியில் இழுத்துவிட்டுக்கொண்டு, வேகாத பச்சைக்கல்லைக் கையால் உடைத்து மேஸ்திரியிடம் உதை வாங்கிக்கொண்டு திரிந்தார்கள் பையன்கள். நான் வெந்த கல்லையே உடைத்தேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் என் கூட்டாளி கஸ்தூரிமேல்தான். சண்டையைப் பார்த்து அலறுகிற பெண்ணாக அவளைத்தானே படத்தில் நிற்கவைத்தார்கள்!

"இன்னாடி பெருசா நடிச்ச? கத்திக்கினுதானே நின்ன?" என்பேன்.

"நீயுந்தான் கத்திப் பாரேன், கேமரா திரும்புதான்னு பாக்கலாம்!" என்பாள்.

அலறினாள் என்றவர்களே, வருஷம் போகப்போக, கதாநாயகனோடு ஆடினாள் என்றார்கள். போன வாரம் பேத்தி கேட்கிறாள்: "ஆயா, கஸ்தூரி ஆயாதான் ஹீரோயினாமே?"

அந்தப் படம் முடிந்து வெளியே வரவேண்டும் என்று என்னைப்போல் வேண்டிக்கொண்டவர் இந்த ஊரில் யாருமில்லை. வந்திருந்தால், அவள் அலறல் ஒரு நொடியில் முடிந்திருக்கும்.