அரைக் கிலோ கல்

சிங்கப்பூரில் எடுத்த எல்லாப் படங்களிலும் அம்மா ஒரே நீலச் சேலையில்தான் நிற்கிறார். தண்ணீர் துப்பும் சிங்கத்துக்கு முன்னால் நீலச் சேலை, பறவைப் பூங்காவில் நீலச் சேலை, சித்தியின் குழந்தையை ஆஸ்பத்திரியில் முதன்முதலாகத் தூக்கியபோதும் அதே நீலச் சேலை. எங்கள் வீட்டில் அந்த ஆல்பத்தைத் திறக்கிற எவரும் மூன்றாம் பக்கம் வருமுன்னே என் பக்கம் திரும்பி, "இவன் செஞ்ச வேலைதானே?" என்று கேட்டுவிடுவார்கள். கலியாணமாகி, தலைமுடி பாதி போய்விட்ட இந்த வயதிலும் கேட்கிறார்கள். நான் செய்த குறும்புகளுக்கெல்லாம் ஒழுங்காக அடி வாங்கியவன். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அரைக் கிலோ குற்றத்துக்கு நாலரைக் கிலோ பழி சுமந்தேனே, அது மட்டும் இன்னும் ஆறவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சிங்கப்பூரில் இருந்த சித்திக்குக் குழந்தை பிறக்கும் நேரம். பத்தியம் பார்க்க அம்மா ஒரு மாதம் போவதென்று முடிவாயிற்று. என்னை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது வீடு இருக்காது என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு ஆபிஸில் லீவு கிடைக்கவில்லை. சித்தியைத் தவிர எங்கள் குடும்பத்தில் அதுவரை எவரும் கடல் தாண்டியதில்லை. கண்டிக்குப் போவதென்றாலே இரண்டு நாள் முன்பிருந்து பை அடுக்குகிற ஆட்கள் நாங்கள்.

அப்பா ஆபிஸ் காகிதத்தின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினார். பாஸ்போர்ட் நகல் மூன்று, காய்ச்சல் மாத்திரை, குடை, அந்த ஊர்ச் சுவருக்குப் பொருந்துகிற சதுர முள் பிளக். சித்தியின் முகவரியை எழுதி என் காற்சட்டைப் பைக்குள் வைத்துத் தைத்தார்கள். மனுஷனா, பார்சலா என்று கேட்டேன். "பார்சல் சத்தம் போடாது" என்றார் அப்பா.

பிறகு சிங்கப்பூரை வரைபடத்தில்கூடப் பார்த்திராத அயலவர்கள் ஒவ்வொருவராக வந்து புத்தி சொன்னார்கள். சூயிங்கம் மென்றால் பிடித்துவிடுவார்களாம். எச்சில் வந்தால் விழுங்கிவிட வேண்டுமாம். பக்கத்து வீட்டு கண்டக்டர் அண்ணன் சொன்னதுதான் என்னைக் கவிழ்த்தது.

"அவ்வளவு சுத்தம் தம்பி. ரோட்டுல தேடினாலும் ஒரு கல்லு கிடைக்காது."

எல்லாரும் வாயைப் பிளந்து வியந்தார்கள். நான் கவட்டைவில்லோடு அல்லவா போகிறேன்! கல்லே இல்லாத ஊரில் அதை வைத்து என்ன செய்வது? ஆற்றங்கரைக்குப் போய் உருண்டையான கற்களாகப் பொறுக்கி, அப்பாவின் பழைய காலுறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டேன். முன்யோசனை என்றால் அது. பட்டியல் எழுதிய பெரியவர்களுக்கு ஒருவருக்காவது தோன்றியதா?

ஆளுக்கு இருபது கிலோதான் கொண்டுபோகலாம். இரண்டு பெட்டியிலும் சித்திக்கான சரக்குதான் முக்கால்வாசி: சுக்கு, மஞ்சள், திப்பிலி, கருவாடு, எல்லாவற்றுக்கும் மேலாக அம்மாவின் மிளகு. வீட்டைச் சுற்றி மரங்களில் ஏறியிருந்த கொடிகள் அம்மாவின் பொறுப்பு. ஏணி வைத்துப் பறிப்பது, உதிர்ப்பது, சாக்கில் பரப்பிக் காயப்போடுவது எல்லாம் அவர்தான். காய்ந்ததை மாத்தளை டவுனில் ஒரு முதலாளியிடம் விற்பார். மிளகு நிறுக்கிற பெரிய இரும்புத் தராசு அவர் கடையில்தான் இருந்தது. பெட்டிகளை அங்கேயே கொண்டுபோனோம்.

முதலாளி தங்கமான மனுஷன் என்று நினைத்தேன். பிளேன்டீ கொடுத்தார். எனக்கு ஒரு துண்டு தொதல் அல்வாவும் கொடுத்தார். பெட்டி மூன்று முறை கூடிப் போனது, மூன்று முறையும் அம்மா திறந்து எதையாவது வெளியே எடுத்தார். கடைசியில் இரண்டும் இருபதில் நின்றன.

"இருபது. ஒரு நூல் கூடல தங்கச்சி. கண்ண மூடிக்கிட்டுப் போங்க."

கண்ணை மூடிக்கொண்டுதான் போனோம். விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகிற வான் வருமுன் நான் காலுறையை அம்மாவின் பெட்டிக்குள் செருகிவிட்டேன். அவர் பெட்டியை யார் சந்தேகப்படுவார்கள்?

விமான நிலையத்தில் அம்மாவின் பெட்டி இருபத்திரண்டரை காட்டியது. என் பெட்டி இருபத்திரண்டு. அம்மா பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"டேய், என்னடா போட்ட?"

அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும் பெட்டி திறந்தது. உள்பாவாடைகளுக்கு அடியிலிருந்து காலுறை வெளியே வந்தது. கவுண்டரில் இருந்த பெண் அதை அவிழ்த்துப் பார்த்தார்.

"இது என்ன?"

"கல்லு மிஸ்."

"எதுக்கு?"

"அங்க இல்லையாம் மிஸ்."

வரிசை முழுவதும் சிரித்தது. கல்லை எடுத்த பிறகும் பெட்டி இருபத்திரண்டு. நான் தொடவே தொடாத மற்றதும் இருபத்திரண்டு. பக்கத்துக் கவுண்டரில் வைத்துப் பார்க்கலாமா என்று அம்மா கேட்டார். அங்கேயும் அதுவே. அதன்பிறகு அவர் என்னைத் திட்டவில்லை. எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்நிய மண்ணில் வைத்து அடிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மிளகில் கைவைக்க அவருக்கு மனம் வரவில்லை. தன் சேலைகளையும் மாற்றுச் செருப்பையும் எடுத்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பாவிடம் கொடுத்தார். அதன் மேல் என் கல்.

"கல்லப் போட்டு அம்மா சேலைய எடுக்க வச்சிட்டியேடா!" என்று அப்பா கத்தியது மாத்தளை வரை கேட்டிருக்கும். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

அந்த ஒரு மாதமும் வீட்டில் சித்தியின் நைட்டி, வெளியே நீலச் சேலை. சித்தப்பா என்னைக் 'கல்லு' என்று கூப்பிடத் தொடங்கினார். இன்றைக்கும் போனில் அதுதான் என் பெயர். மிளகு அவர்கள் வீட்டுக்குக் கீழே இருந்த கடையிலேயே கிடைத்தது. "அது எங்க மிளகு இல்ல" என்றார் அம்மா. கிளம்பும் முன் ஏதாவது வாங்குங்கள் என்று சித்தப்பா கடைக்குக் கூட்டிப்போனார். நான் கேட்டது ரிமோட் கார். அம்மாவுக்கு என்ன வேண்டுமாம்? பெட்டியைக் கொக்கியில் மாட்டி நிறுக்கிற கைத்தராசு! காருக்கு வைத்திருந்த காசையும் சேர்த்து அதை வாங்கினார். சிங்கப்பூர் வரை போய் ஒருவர் தராசு வாங்குவாரா?

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அப்பா பத்திரமாக வைத்திருந்த காலுறையை அதில் மாட்டியதுதான். சரியாக அரைக் கிலோ. அப்பாவிடம் ஓடினேன்.

"போடா" என்றார்.

அம்மாவிடம் ஓடினேன்.

"தெரியும்."

தெரியுமா? தெரிந்திருந்துமா ஒரு மாதமாக என்னைக் கல்லு, கல்லு என்று கூப்பிடவிட்டார்?

"அப்ப மத்த நாலு கிலோ யாரு போட்டதுன்னு எல்லாருக்கும் சொல்லுங்க!"

"வாய மூடு. வெளியில ஒரு வார்த்த பேசுன, தோல உரிச்சிருவேன்."

மிளகு காய்ந்து மூட்டையானதும் அம்மா நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். கடை நிறைய ஆட்கள், ஆட்களின் காலடியில் சாக்குகள்.

"சிங்கப்பூரு எப்படி தங்கச்சி? பெட்டியெல்லாம் சரியா இருந்துச்சா?"

"எங்க மொதலாளி, இவன் கல்ல அள்ளிப் போட்டுட்டானே!"

"கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன்" என்று முதலாளி வயிறு குலுங்கச் சிரித்து என் கன்னத்தைக் கிள்ளினார். எங்கள் சாக்கு தராசில் ஏறியது.

"பதினெட்டு."

அம்மா கைப்பையிலிருந்து சிங்கப்பூர்த் தராசை எடுத்தார். வாசல் இரும்புக் கம்பியில் மாட்டி, சாக்கின் வாயைக் கொக்கியில் கோர்த்துத் தொங்கவிட்டார்.

"இதுல இருபது காட்டுது மொதலாளி. உங்கடதுல தூசி கீசி அடைச்சிருக்கோ?"

பின்னால் நின்ற ஒருவர் தன் சாக்கைத் தூக்கினார். "அக்கா, இதையும் கொஞ்சம் மாட்டுங்க." அவருக்குப் பின்னால் இன்னொருவர். அன்றைக்கு எங்களுக்கு பிளேன்டீ வரவில்லை.

வாங்குகிறவனின் தராசு குறைத்துத்தான் காட்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது. அந்தத் தராசை நம்பி அடுக்கினால் பெட்டி எங்கே போனாலும் கூடத்தான் செய்யும். எத்தனை வருஷம், ஒவ்வொரு சாக்கிலிருந்தும், அம்மா ஏணியில் நின்று ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு பறித்த மிளகு! நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது. என் மேல் விழுந்த பழியை அம்மா வீட்டில் அப்போதே துடைத்திருந்தால், பேச்சு எங்களுக்கு முன்னால் கடைக்குப் போயிருக்கும். அந்த ஒரு நாள் மட்டும் தராசு யோக்கியமாக நின்றிருக்கும். எல்லாரும் என் கல்லைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பதுதான் அவருக்குத் தேவைப்பட்டது.

இதெல்லாம் தெரியாமல் நான் வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேர் நடுவிலும் என் மானத்தை வாங்கியதுமில்லாமல், என் ரிமோட் காரை விழுங்கிய தராசை ஊராருக்கெல்லாம் காட்டிப் பீற்றிக்கொள்கிறாரே இந்த அம்மா என்று, கிள்ளுப்பட்ட கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.