பேசாத இருவரை அந்தமானுக்கு அனுப்பிய வாரம்

டூர் ஆபீசில் போன் எடுக்கிற வேலை என்றால், நாம் பார்த்தே இராத ஊரில் பெய்கிற மழைக்கு இங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடி மன்னிப்புக் கேட்கிற வேலை. விமானம் தாமதமானால் காரணம் நான். ஹோட்டல் சாம்பார் இனித்தால் வெல்லம் போட்டவளும் நான். பேங்கோ, கேஸ் ஏஜென்சியோ, ஆஸ்பத்திரி கவுண்டரோ, போன் எடுத்துப் பிழைக்கிற யாருக்கும் இந்தப் பாடு தெரிந்திருக்கும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

நான் பிறந்தது சின்னக்கானலில், எஸ்டேட் லயத்து வரிசை வீடு ஒன்றில். கல்யாணமாகி வந்தது, தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற சித்தூருக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். அந்தமான், பாலி, மாலத்தீவு என்று ஜோடி ஜோடியாக அனுப்பிக்கொண்டிருப்போம். நான் கடலில் கால் நனைத்தது திருச்செந்தூரில் ஒரே ஒரு தடவைதான். ஆனாலும் எந்தத் தீவில் எந்தக் கரையில் மணல் ஈ கடிக்கும் என்று என்னிடம்தான் கேட்பார்கள். போன மாசியில், ரெண்டாம் அறுப்பு முடிந்த கையோடு, பக்கத்து நல்லேப்பிள்ளியிலிருந்து ஒரு ஜோடி வந்தது. அந்த ஒரு வாரம் என் தலை நின்ற இடத்தில் நிற்கவில்லை.

ரெண்டு ஜன்னல்

பழனிச்சாமி அண்ணன் நெல் விவசாயி. அவர் மனைவி சரசு அக்கா. இருவரையும் கூட்டி வந்தது மகள் நித்யா. உடுமலைப்பேட்டையில் புதிதாக வாழ்க்கைப்பட்ட பெண். டூர் அவளுடைய ஏற்பாடு. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் அவள். "அண்ணே, ஜன்னல் சீட் வேணுமா?" என்று கேட்டேன். அவர் மகளைப் பார்த்து, "உங்கம்மாளுக்கு வேணுமான்னு கேளு" என்றார். நித்யா இந்தப் பக்கம் திரும்பி, "அம்மா, ஜன்னல் வேணுமா?" என்றாள். "உங்கப்பனுக்கு வேணும்னா அவரே உக்காந்துக்கட்டும்" என்றார் சரசு அக்கா. நித்யா அந்தப் பக்கம் திரும்பினாள்.

சாப்பாடு, ரூம், படகு என்று எதைக் கேட்டாலும் இதே சுற்று. கடைசியில் முன் வரிசையில் ஒரு ஜன்னல், பின் வரிசையில் ஒரு ஜன்னல் என்று போட்டேன். ரூம் மட்டும் ஒன்றுதான் என்று நித்யா கறாராக நின்றாள். நானோ, அண்ணனுக்குக் காது மந்தம் போல, பாவம் என்று எனக்குள் முடிவுகட்டி, கப்பல் விவரத்தையெல்லாம் கீழே பேக்கரி வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார். "எதுக்குங்க அம்மிணி இப்படிக் கத்தறீங்க? எனக்கு எல்லாம் நல்லாத்தான் கேக்குது."

மாத்திரை

போய்ச் சேர்ந்த அன்றே போர்ட் பிளேயரிலிருந்து சரசு அக்காவின் போன். "ஏனுங்க அம்மிணி, அவரு பிரஷர் மாத்திரை தின்னுட்டாரான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க." வயசான மனுஷன் எங்கே பிரிந்து போனாரோ! ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டார்களோ! அங்கே எங்களுக்கு வழிகாட்டியாக இருக்கிற காசிக்குப் போட்டேன். ராமநாதபுரத்துக் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்தது அந்தமானில். "ரெண்டு பேரையும் ரூம்ல விட்டுட்டுத்தானே வந்தேன்?" என்று அவனும் குழம்பினான்.

பழனிச்சாமி அண்ணனுக்கே போட்டேன். எடுத்தார். பின்னால் டிவியில் ஏதோ விளம்பரம் ஓடியது. சரசு அக்காவின் போனில் கேட்ட அதே விளம்பரம். "அண்ணே, எங்க இருக்கீங்க?" "ரூம்லதானுங்க." "அக்கா எங்க?" "இந்தா, பக்கத்துக் கட்டல்ல உக்காந்திருக்கா." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மாத்திரை சாப்பிட்டீங்களான்னு அக்கா கேக்குறாங்க" என்றேன், என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தின்னாச்சுன்னு சொல்லீருங்க."

பொழுது

மறுநாள் அவர்கள் ஹேவ்லாக் தீவில். சாயங்காலம் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரம், அண்ணன் கூப்பிட்டார். குரலில் பதற்றம். "அம்மிணி, இங்க அஞ்சரைக்கே பொழுது போயிருச்சுங்க. என்ற வாட்ச்சு கெட்டுப்போச்சா, இல்ல வேற ஏதாச்சுமா?" அது கிழக்கே தள்ளி இருக்கிற தீவு, நம் கடிகாரத்தையே அங்கேயும் வைத்திருக்கிறார்கள், அதனால் சீக்கிரம் விடிந்து சீக்கிரம் இருட்டிவிடும் என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாக இருந்தது. "சரிங்க. அதை அவகிட்டயும் சொல்லீருங்க. பயந்துட்டு இருப்பா" என்று வைத்துவிட்டார்.

சரசு அக்காவைக் கூப்பிட்டு மறுபடியும் கிழக்கிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பாதியில் நிறுத்தினார். "அது எனக்குத் தெரியுமுங்க அம்மிணி. காலைல அஞ்சரைக்கே பளபளன்னு விடிஞ்சப்பவே கணக்குப் போட்டுட்டேன். பாவம், அவரு வாட்ச்சைத் தட்டித் தட்டிப் பாத்துட்டு இருந்தாரு. சொல்லோணும்னுதான் இருந்துச்சு. எப்படிச் சொல்றது?"

ரெண்டு போன்

நித்யாவைப் பிடிக்கலாம் என்றால் அவள் போன் அணைந்தே கிடந்தது. இதற்குள் எனக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. மீன் குழம்பு காரமா என்று அவரிடம் கேட்டு இவருக்குச் சொல்வது, துண்டு எங்கே என்று இவரிடம் கேட்டு அவருக்குச் சொல்வது. எங்கள் முதலாளி சேட்டன் எதிர் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "நம்ம பேக்கேஜ்ல இதும் உண்டோ?" என்று கேட்டார்.

ஒருவழியாக நித்யாவே கூப்பிட்டாள். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே அப்பாவும் அம்மாவும் நேரில் பேசிக்கொண்டதில்லையாம். எல்லாத் தகவலும் அவள் வழியாகத்தான். அவள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அம்மா சோறு போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார், அப்பா தின்றுவிட்டு வயலுக்குப் போய்விடுவார். அவள் அதை நினைத்து நினைத்து அழுதிருக்கிறாள். தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத தீவில் ஒரு வாரம் போட்டால் பேசித்தானே ஆகவேண்டும் என்று யோசித்திருக்கிறாள். "என்ற போனை அணைச்சு வெக்கோணும்னு எல்லாம் யோசிச்சனுங்க அக்கா. உங்க போனை நெனைக்காம உட்டுட்டேன்."

காரணம்

இப்படி நடுவில் மாட்டிக்கொண்டபின் நானும் மனுஷிதானே, கேட்டுவிட்டேன். முதலில் அண்ணனிடம். "நடவு மிஷின் வாங்கின அன்னைக்கு, இது வயலுக்கா, வேடிக்கை பாக்கறதுக்கான்னு எங்கண்ணன் முன்னாடி அவ கேட்டுட்டாளுங்க. அதுலருந்துதான்."

சரசு அக்காவிடம் மிஷின் என்று ஆரம்பித்தேன். "மிஷின் வந்தது இப்பத்தானுங்களே. பேச்சு நின்னப்ப நித்யா தொட்டல்ல கெடந்தா" என்றார். மறுபடியும் அண்ணனுக்குப் போட்டு, மிஷினுக்கு முன்னாலேயே பேசவில்லையாமே என்றேன். "அப்படிங்களா?" என்று அவரே ஆச்சரியப்பட்டார். நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். சரசு அக்காவையே கடைசியாக ஒரு தடவை கேட்டேன், உண்மையான காரணம் என்ன என்று. அலைச்சத்தத்துக்கு நடுவே மெதுவாகச் சொன்னார். "ஒரு நாள் வயல்லருந்து வந்தாரு. பேசல. நானும் என்னன்னு கேக்கல. அவரு ஏதாச்சும் காரணம் சொன்னா எனக்கும் சொல்லுங்க அம்மிணி, நானும் அன்னைக்கிருந்து அதைத்தான் யோசிச்சுட்டு இருக்கறேன்."

கடலைக் காணோம்

அடுத்து நீல் தீவு. காலையில் அண்ணன் கூப்பிட்டு, "அம்மிணி, கடலைக் காணோமுங்க" என்றார். நேற்று நின்று குளித்த இடத்தில் இன்று தண்ணீரே இல்லை, யாரோ மடையைத் திறந்துவிட்ட மாதிரி பாறையும் சேறும் கிடக்கிறது என்றார். அங்கே கடல் தினமும் உள்வாங்கும், திரும்பி வரும், அந்த நேரம் பாறைமேல் நடந்து நட்சத்திர மீனெல்லாம் பார்க்கலாம், காசி கூடவே இருப்பான் என்று ஆறுதல் சொன்னேன்.

மறுபடியும் போன். இந்தத் தடவை அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. "அம்மிணி, அவ ரொம்ப தூரம் உள்ள போயிட்டா. தண்ணி திரும்பி வருது. வரச் சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க." காசி எங்கே என்றேன். வேறொரு குடும்பத்தை அந்தப் பக்கம் கரையேற்றிக்கொண்டிருக்கிறானாம். அண்ணனைச் செல்போனில் வைத்தபடியே ஆபீஸ் போனை எடுத்துச் சரசு அக்காவுக்குப் போட்டேன். மணி அடித்தது, அண்ணனுடைய போனுக்குள்ளேயே. அக்கா போன் இருந்த பையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். காசிக்குப் போட்டேன், கிடைக்கவில்லை. சின்னக்கானலில் ரோட்டில் யானை வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். கடல் வந்தால் என்ன செய்வது? "அண்ணே, நீங்களே கூப்பிடுங்க!" என்றேன். "என்னன்னுங்க கூப்புடறது?" என்றார். சத்தியமாக அப்படித்தான் கேட்டார். "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கண்ணே!" என்று நான் அலறியதில் சேட்டன் எழுந்து நின்றுவிட்டார்.

முதலில் காற்று மட்டும் கேட்டது. பிறகு துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி ஒரு "சரசு." அது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்டிருக்காது. அப்புறம் கொஞ்சம் பலமாக. அப்புறம் "ஏ சரசூ! வந்துரு புள்ள!" என்று ஒரு சத்தம், வயலின் அந்தத் தலையிலிருந்து இந்தத் தலைக்குக் கூப்பிடுகிறவர்களின் சத்தம். மூச்சிரைப்பு, தண்ணீரை மிதித்து ஓடுகிற சலசலப்பு. அத்தோடு போன் செத்துவிட்டது.

அந்த இடைவெளியில் நான் எந்தெந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. நித்யாவிடம் என்ன சொல்வேன் என்பது மட்டும்தான் ஓடியது. கடைசியில் சரசு அக்காவின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அவரேதான். பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டதாம், தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டதாம். சத்தம் கேட்டுத் திரும்பிக் கையைத் தூக்கியிருக்கிறார். காசி ஓடி வருவதற்குள், நீச்சல் தெரியாத மனுஷன் வேட்டியோடும் சட்டைப்பையில் போனோடும் இறங்கி, காலை விடுவித்திருக்கிறார். "யாரோ எம்பேரைச் சொல்லிக் கூப்புடறாங்க, யாருன்னு திரும்பிப் பாத்தனுங்க அம்மிணி. அவரு குரல் எனக்கு அடையாளமே தெரியல."

போன் வராத நாள்

அதன்பிறகு போனே இல்லை. நிம்மதியாக இருக்கவேண்டியதுதானே என்பீர்கள். இருக்க முடிந்தால்தானே! மாத்திரை தின்றாரா, கால் வீக்கம் எப்படி, அழுகிறார்களா, சிரிக்கிறார்களா, ஒன்றும் தெரியவில்லை. வேறொரு ஜோடிக்கு பாலி பேக்கேஜ் சொல்லிக்கொண்டிருந்தபோது தேன்நிலவுக்கு வந்த மாப்பிள்ளையிடம், "பிரஷர் மாத்திரை எடுத்து வச்சிட்டீங்களா?" என்று கேட்டுத்தொலைத்தேன்.

பொறுக்கமாட்டாமல் நானே கூப்பிட்டேன். சரசு அக்கா எடுத்தார். பின்னால் அண்ணனின் குரல் ஏதோ நியாயம் பேசிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அக்கா போனை மூடாமலே, "நானா சொன்னேன்? நீங்கதான சொன்னீங்க!" என்று பாய்ந்தார். எனக்குப் பகீரென்றது. "என்னக்கா ஆச்சு? காசியை அனுப்பட்டுமா?" "ஒண்ணும் பிரஷ்னமில்லீங்க அம்மிணி. சண்டை போட்டுட்டு இருக்கறோம். அப்பறமாக் கூப்புடறேன்."

திரும்பி வந்த பிறகு

ஊர் திரும்பியதும் இருவரும் ஆபீசுக்கு வந்தார்கள், நித்யா இல்லாமல். நடுவில் காலி நாற்காலி. புகார் சொல்லத்தான் வந்தார்களாம். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசியதால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது என்று அவர், இல்லை என்று இவர். மீன் பெரியது என்று இவர், நீ எப்ப பாத்த என்று அவர். சேட்டன் தன் மேஜையை ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டார்.

சரசு அக்கா நொண்டிக்கொண்டே கீழே பேக்கரிக்கு மகளுக்குப் பலகாரம் வாங்கப் போன நேரம் பார்த்து, அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன்: "அண்ணே, எதுக்காகப் பேச்சு நின்னுதுன்னு இப்பவாச்சும் அக்காகிட்ட கேட்டீங்களா?" அவர் படிக்கட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். "இல்லீங்க அம்மிணி. அதைக் கேட்டு, அவளுக்கு ஞாபகம் வந்து, மறுபடியும் நின்னுபோச்சுன்னா?"

இந்த வேலையில் இத்தனை வருஷம் இருந்து நான் தெரிந்துகொண்டதெல்லாம், வருகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியாது, நாம் கொடுத்தது என்ன என்று நமக்கும் தெரியாது, ஆனாலும் போன் அடித்தால் எடுத்தே ஆகவேண்டும் என்பதுதான்.